கும்பகோணத்தில் ராத்திரி நேரம் ஹைட்ரண்ட் படம் எடுக்க முடியுமா?

கும்பகோணத்தில் கல்லூரி படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெளிநாட்டுத் தெருக்களில் ராத்திரி எடுத்த ஃபயர் ஹைட்ரண்ட் (தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்) படங்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டதாம். நம்மூரில் அது எங்கே இருக்கிறது, கையில் இருக்கும் பழைய கேமராவையும் கிட் லென்ஸையும் போனையும் வைத்து எப்படி எடுப்பது, போலீஸ் பிடிப்பார்களா என்று மூன்று கேள்வி.

கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற உருவத்தில் கிடைக்காது. அந்தக் கேமராவே போதும். போலீஸ் பிடிக்க மாட்டார்கள், விசாரிப்பார்கள். இது சுருக்கம். விவரம் வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். ரிசப்ஷன் முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது மணி பதினொன்று தாண்டியிருக்கும். உடனே தூக்கம் வராது. தோளில் கேமரா, எதிரே காலித் தெரு. அப்படிப் பிடித்ததுதான் இந்தக் குழாய்ப் பைத்தியம்.

நீங்கள் படத்தில் பார்த்த குட்டைத் தூண் அமெரிக்கத் தெருவுக்கு உரியது. அங்கே தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கும். குளிர் ஊர்களில் தூணுக்குள் தண்ணீரே நிற்காது. வால்வு மண்ணுக்குள், பனி உறையாத ஆழத்தில் இருக்கும். மேலே திருகினால் கீழே திறக்கும், மூடியபின் மிச்சத் தண்ணீர் தானாக வடிந்துவிடும். இல்லாவிட்டால் உறைந்து வெடித்துவிடும். தலைமூடிக்கு நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று பூசுவதும் அலங்காரத்துக்கு அல்ல. நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதற்கான அடையாளம் அது. நீலத்தில் நிறைய வரும், சிவப்பில் குறைவு. பிரிட்டனில் இந்தத் தூணையே பார்க்க முடியாது. எல்லாம் சாலைக்கு அடியில் இரும்பு மூடிக்குள் இருக்கும். பக்கத்துச் சுவரில் மஞ்சள் பலகையில் கறுப்பாக ‘எச்’ என்று எழுதி, குழாயின் குறுக்களவும் அது எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதும் போட்டிருப்பார்கள்.

நம் தரக் குறியீட்டிலும் நிற்கிற ஹைட்ரண்ட், புதைந்த ஹைட்ரண்ட் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. தெருவில் காணோம் என்றால் காரணம் எளிது. நம் தெருக்குழாயில் தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம், சில இடத்தில் சாயங்காலம் கொஞ்ச நேரம். மற்ற நேரத்தில் தீப்பிடித்தால் அந்த ஹைட்ரண்டைத் திறந்து காற்றுதான் வாங்க வேண்டும். அதனால் நம்மூர்த் தீயணைப்பு வண்டி தண்ணீரையும் வயிற்றில் சுமந்துகொண்டே வருகிறது. தீர்ந்தால் பக்கத்தில் எந்தக் குளம், எந்த வாய்க்கால் இருக்கிறதோ அதில் குழாயை இறக்கி உறிஞ்சிக்கொள்ளும்.

அந்தக் கணக்கில் கும்பகோணத்தின் ஆகப்பெரிய ஹைட்ரண்ட் மகாமகக் குளம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு ஏக்கருக்கு மேல் தண்ணீர், சுற்றிலும் பதினாறு மண்டபம், நாலு பக்கமும் சாலை. ஜனம் அதை நினைப்பது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. போனது 2016, அடுத்தது 2028. மற்ற நாளில் அது சும்மா காத்துக் கிடக்கிறது. தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்துத் தண்ணீர் தரைக்கடியில் கட்டிய வாய்க்கால் வழியாக மேலவீதிப் பக்கம் அய்யன்குளத்துக்குப் போய்ச் சேரும்படி அந்தக் காலத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள். ஊருக்கு நடுவே தண்ணீரை நிறுத்தி வைக்கிற புத்தி நமக்கு இரும்புக் குழாய் வருவதற்கு முன்னாலேயே இருந்தது.

சரி, உங்களுக்கு வேண்டியது சிவப்பு. அதுவும் இருக்கிறது. பெரிய ஜவுளிக் கடை, ஆஸ்பத்திரி, லாட்ஜ், புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம் இவற்றின் முகப்பில் இடுப்பு உயரத்துக்குக் கீழே பாருங்கள். சுவரோடு ஒட்டி ஒரு சிவப்புப் பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே பித்தளை நிறத்தில் இரண்டோ நாலோ வாய். இது கண்டிப்பான அர்த்தத்தில் ஹைட்ரண்ட் இல்லை. ஹைட்ரண்டிலிருந்து தண்ணீர் வெளியே வரும். இதில் தீயணைப்பு வண்டி தண்ணீரை உள்ளே தள்ளும். அது கட்டடத்துக்குள் மாடி மாடியாக ஏறும். படத்துக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை, ஆனால் எடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. வாய் ஒவ்வொன்றும் 63 மில்லிமீட்டர் ஹோஸுக்கு ஏற்றது, பெரும்பாலும் கன்மெட்டலில் (ஒருவகை வெண்கலம்) வார்த்தது. புதிதாக இருக்கும்போது கல்யாணத்துக்கு விளக்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னும். ஒரு மழைக்காலம் போனதும் பச்சை பூக்கும். எனக்குப் பிடித்தது பச்சை பூத்த பிறகுதான்.

நிஜமான நிற்கிற ஹைட்ரண்ட் வேண்டுமென்றால் பெரிய வளாகங்களுக்குள் போக வேண்டும். மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பெரிய ஆலை. தரையிலிருந்து எழும்பி, மேலே கொக்குக் கழுத்து மாதிரி வளைந்து, தலையில் ஒரு வட்டச் சக்கரம். பக்கத்தில் காலூன்றிய ஹோஸ் பெட்டி. உங்கள் கல்லூரியிலேயே விடுதிக்குப் பின்னால் ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு, போய்ப் பாருங்கள். முன்னால் நாலு பைக் நின்றால் அதுதான்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சல். டெல்டாவில் ஒரு ஊரில், பெயர் வேண்டாம், ஒரு பெரிய மண்டபத்தின் ஹோஸ் பெட்டியைப் படம் எடுக்கக் குனிந்தேன். கண்ணாடிக்குள் சிவப்புப் பின்னணியில் வெள்ளையாக என்னவோ அழகாகச் சுருண்டு கிடந்தது. ஹோஸ் என்று நினைத்து ஃபோகஸ் பண்ணினால், சம்பங்கி மாலை. முதல் நாள் கல்யாணத்து மாலையைக் கழற்றி உள்ளே திணித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தென்னந்துடைப்பம், இரண்டு காலித் தண்ணீர் பாட்டில். ஹோஸைக் காணோம். படம் நன்றாக வந்தது என்பதுதான் கொடுமை. அதை மேலாளரிடம் காட்டினேன். “க்ளீனிங் பசங்க வச்சிருப்பாங்க சார்” என்றார். பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு கல்யாணத்துக்குப் போனபோது துடைப்பம் போயிருந்தது. ஹோஸ் வரவில்லை.

கும்பகோணத்தில் இந்தச் சிவப்பு நிறத்தை வெறும் நிறமாகப் பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகளைக் கொடுத்த ஊர் இது. அதற்கு முன்னால் 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேக யாகசாலைப் பந்தல் எரிந்தது. இங்கே ஒருவர் சிவப்பு வாளியைப் படம் எடுப்பதைப் பார்த்து வயதானவர்கள் நின்று பேசுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளி இருந்த தெருவுக்கு மட்டும் இந்த விளையாட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

இனி எடுக்கும் விதம். நான் செய்த பெரிய தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் இரண்டு வருஷம் குழாயைத் தேடிக்கொண்டு அலைந்தேன். விளக்கைத் தேடவில்லை. அழகான குழாய் கிடைத்ததும் நின்று எடுப்பேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் சாணி நிறத்தில் ஒரு கட்டை நிற்கும். பகலில் போய்க் குழாய்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி போகும்போது குழாயைப் பார்க்காமல் அதன் மேல் எந்த விளக்கு, எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று மட்டும் பாருங்கள். சுமாரான குழாய், நல்ல விளக்கு என்றால் படம் உண்டு. எதிர்மாறாக இருந்தால் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நம் தெருக்களில் மூன்று விதமான வெளிச்சம் உண்டு. பழைய சோடியம் விளக்கு, மஞ்சள்காமாலை நிறம். நகராட்சிகள் மாற்றிக்கொண்டே வருகின்றன என்றாலும் ரயில் பாதையோரம், குடோன் பக்கம், சில சந்துகளில் இன்னும் மிச்சம் இருக்கிறது. இரண்டாவது வெள்ளை எல்இடி. மூன்றாவது முச்சந்தி ஹைமாஸ்ட், அந்த உயரக் கம்பத்து விளக்கு. உச்சி வெயிலை ராத்திரியில் வைத்த மாதிரி தலைக்கு நேர் மேலே அடித்து, குழாயின் வயிற்றைக் கறுப்பாக்கிவிடும். ஹைமாஸ்டை விட்டுத்தள்ளுங்கள்.

சோடியத்தின் சூட்சுமம் இது. அதன் வெளிச்சத்தில் பெரும்பங்கு மஞ்சளைச் சுற்றியே இருக்கிறது. சிவப்புக்கான அலைநீளம் குறைவு. சிவப்புப் பெயிண்ட் சிவப்பாகத் தெரிய வேண்டுமென்றால், அது திருப்பி அனுப்புவதற்குச் சிவப்பு வெளிச்சம் அதன் மேல் விழ வேண்டும். விழாததை எங்கிருந்து திருப்பி அனுப்பும்? அதனால்தான் சோடியத்தின் கீழே சிவப்புக் குழாய் செங்கல் பொடியில் புரண்டு எழுந்த மாதிரி நிற்கிறது. ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்து ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, திருகித் திருகிப் பார்ப்பார்கள். வராத நிறத்தை எந்த மென்பொருளும் நியாயமாகக் கொண்டுவராது, கற்பனையாகப் பூசும். ஒன்று, கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். சோடியம் வெளிச்சம் கறுப்பு வெள்ளைக்குப் பிரமாதம். அல்லது நான் செய்வதைச் செய்யுங்கள்.

கேமராவை முக்காலியில் வையுங்கள். எட்டு விநாடி எக்ஸ்போஷர், அதாவது ஷட்டர் எட்டு விநாடி திறந்திருக்கட்டும். அந்த எட்டு விநாடியும் தெரு தன் மஞ்சள் வெளிச்சத்தில் பதிந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரே ஒரு விநாடி, ஒரு வெள்ளை எல்இடி டார்ச்சைக் குழாய் மேல் மட்டும் ஓட்டுங்கள். டார்ச் முகத்தில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை இரண்டாக மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அடிக்காதீர்கள், தட்டையாகிவிடும். குழாய்க்குப் பக்கவாட்டில் நாலடி தள்ளி, முழங்கால் உயரத்திலிருந்து, சுவருக்கு வெள்ளையடிக்கிற மட்டையைப் போல மேலும் கீழும் அசைத்துக்கொண்டே அடியுங்கள். தெரு தேன் நிறத்தில், சுவர் தேன் நிறத்தில், நடுவே குழாய் மட்டும் ரத்தச் சிவப்பில் நிற்கும். பார்க்கிறவர்கள் கணினியில் நிறம் ஏற்றியதாகச் சண்டைக்கு வருவார்கள்.

எல்இடி தெருவிளக்கின் கீழே இதற்கு நேர்மாறான தொல்லை. சிவப்பு அதிகமாக ஏறும். கேமராத் திரையில் மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகக் காட்டும், ஆனால் சிவப்புச் சானல் மட்டும் நிரம்பி வழிந்து, குழாயின் மேல் இருக்கும் தூரிகைக் கோடு, பெயிண்ட் உரிசல், சக்கரத்தில் வார்த்த எழுத்து எல்லாம் ஒரே சிவப்புச் சப்பையாகிவிடும். ஹிஸ்டோகிராமை, அதாவது வெளிச்சத்தின் அளவைக் காட்டும் வரைபடத்தை, மூன்று நிறமாகப் பிரித்துக் காட்டும் வசதி உங்கள் கேமராவில் இருக்கும், அதில் சிவப்பை மட்டும் பாருங்கள். வலது ஓரத்தில் இடித்தால் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

எண்கள் கேட்பீர்கள். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8 என்று வைத்துக்கொண்டால், விளக்குக் கம்பத்தின் அடியில் இரண்டு விநாடி, இரண்டு கம்பத்துக்கு நடுவே எட்டிலிருந்து பதினைந்து விநாடி. இதில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். முக்காலி இல்லாமல் கையில் என்றால் ஐஎஸ்ஓ 1600, எஃப் 3.5, ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஐம்பது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு தடவை சிமிட்டும். அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகாத வேகத்தில் எடுத்தால் சில எல்இடிகளின் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

கிட் லென்ஸை யாரும் இளக்காரமாகப் பேசினால் கேட்காதீர்கள். எஃப் 8ல் அது நல்ல லென்ஸ். 18 மில்லிமீட்டரில் வைத்துக் குழாயின் மேல் போய் விழாமல், 55ல் வைத்துப் பத்தடி பின்னால் போங்கள். பின்னணியில் ஃப்ளெக்ஸ் பேனரும் கேபிள் ஒயரும் குறையும். கேமராவைக் குழாயின் உயரத்துக்கு இறக்குங்கள். நின்றபடி எடுத்தால் குழாய் குழந்தை மாதிரி அண்ணாந்து பார்க்கும். ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடவும். டார்ச்சைச் சக்கரத்தின் விளிம்பில் அடித்து, திரையில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் வைத்துவிட்டு டார்ச்சை அணையுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் இரண்டு விநாடி டைமர் போடுங்கள். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வு தடுப்பான் அணைந்திருக்கட்டும்.

போனில் என்றால் நைட் மோடு பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. அதன் கெட்ட பழக்கம் ராத்திரியைப் பகலாக்குவது. குழாயின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிடுங்கள், இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். இரண்டு செங்கல் நடுவே போனைச் சொருகினால் அதுவே முக்காலி.

1930களில் பாரிஸ் நகரத்து ராத்திரிகளை எடுத்த பிராசாய் என்ற புகைப்படக்காரர், எக்ஸ்போஷர் நேரத்தைச் சிகரெட் கணக்கில் வைத்திருந்தாராம். வெளிச்சம் குறைந்தால் மெதுவாக எரிகிற பெரிய சிகரெட். நான் சிகரெட் பிடிப்பதில்லை. ஊர்ப் பெருமைக்குக் கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை. இரண்டு வெற்றிலைக்குக் காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி மடிக்க எனக்கு முப்பது விநாடி ஆகிறது. நிலா வெளிச்சத்துக்கு அது சரியான அளவு. என்ன, ஷட்டரைத் தொடும் விரலில் சுண்ணாம்பு ஒட்டும்.

வானத்தில் நீலம் வேண்டுமென்றால் அவசரப்பட வேண்டும். நாம் இருப்பது பதினோராம் அட்சரேகையில். சூரியன் இங்கே செங்குத்தாக இறங்கி மறையும். ஐரோப்பாக்காரன் ஒரு மணி நேரம் ஆற அமர எடுக்கிற நீல வெளிச்சம் நமக்கு அஸ்தமனத்துக்குப் பின் இருபதாவது நிமிஷத்தில் ஆரம்பித்துக் கால் மணியில் முடிந்துவிடும். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு குழாய்தான். காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. அடைமழை விட்ட ராத்திரியில் தார் ரோடே கண்ணாடி. நிற்கிற குழாய்க்குக் கீழே தலைகீழாக இன்னொரு குழாய் இலவசம். மார்கழியில் வாய்க்காலோரம் மூட்டம் இறங்கும், விளக்கைச் சுற்றிக் குடை விரிந்த மாதிரி இருக்கும். ஆனால் ஏசி அறையிலிருந்து கேமராவை அப்படியே வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். அறையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வெளியே அரைமணி கழித்துத் திறங்கள். ஒரு முறை மாப்பிள்ளை அழைப்பு முழுவதும் புகைமூட்டத்தில் எடுத்துக் கொடுத்து, பாதிப் பணம்தான் வாங்கினேன்.

இவ்வளவும் சிவப்புக் குழாய்க்கு. ஆனால் உள்ளதைச் சொன்னால், டெல்டாவில் ராத்திரி படத்துக்கு அதைவிடச் சிறந்த ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒன்று, ஏர் வால்வு. கொள்ளிடத்து மணலிலிருந்து எடுத்த தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் கடலோரம் வேதாரண்யம் வரை போகிறது. இந்த மாதிரி நீண்ட குழாய்க்குள் காற்று அடைத்துக்கொள்ளும். அதை வெளியே விட மேடான இடங்களில் ஒரு வால்வு வைத்துச் சுற்றிச் சின்னதாகத் தொட்டி கட்டியிருப்பார்கள். அந்த வால்வுகள் அடிக்கடி கசியும். சில நேரம் ஆளுயரத்துக்குப் பீச்சும். பக்கத்து ஜனம் குடம் வைத்துப் பிடிப்பார்கள், லாரிக்காரர் லுங்கியோடு குளிப்பார். உங்கள் அமெரிக்கப் படங்களில் கோடைக்காலத்தில் ஹைட்ரண்டைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் ஆடுவார்களே, அதன் டெல்டா வடிவம் இது. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, தண்ணீருக்குப் பின்னாலிருந்து வண்டி வரும்போது எடுங்கள். ஹெட்லைட் பட்டதும் தண்ணீர் முழுவதும் தீப்பற்றிய மாதிரி எரியும். கால் விநாடி போதும். சாலையை விட்டு இறங்கி நிற்பது முக்கியம், பஸ்காரர்களுக்கு ராத்திரியில் நம் கலை புரியாது.

இரண்டாவது ஆள் அடிபைப்பு. மூன்று காலில் நிற்குமே, நீளக் கைப்பிடியோடு, இந்தியா மார்க் 2. எழுபதுகளில் யுனிசெஃப் துணையோடு இங்கேயே உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்து, பிறகு உலகத்துக்கே போன பம்பு. அதை நான் வருஷக்கணக்காகக் கண்டுகொள்ளாமல் இருந்தேன், சிவப்பாக இல்லை என்று.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது. ஒரு வாரம் கழித்து, 23ஆம் தேதி, கார்த்திகை தீபம். நண்பர்களோடு அரிசி, மெழுகுவத்தி, தார்ப்பாய் ஏற்றிக்கொண்டு மன்னார்குடி தாண்டித் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போனோம். மின்கம்பம் எல்லாம் வயலில் படுத்துக் கிடந்தது. தென்னைகள் ஒரே திசையில் சாய்ந்து தலை இல்லாமல் நின்றன. கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் இல்லை, அதனால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. தெருமுனை அடிபைப்பில் மட்டும் குடங்கள் வரிசையாக. பௌர்ணமி. மேகம் விலகி விலகி நிலா வந்தது. யாரோ அந்தப் பைப்பு மேடையின் நாலு மூலையிலும் அகல் ஏற்றி வைத்திருந்தார்கள். வீட்டு வாசலில் வைக்க வீடு இல்லாதவர்களாக இருக்கலாம், நான் கேட்கவில்லை.

ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, எட்டு விநாடி. நிலாவுக்கு அது கணக்கு. தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். “எங்களை எடுக்காம பைப்பைப் போயி ஏன் தம்பி எடுக்குற?” என்றார். சொல்லத் தெரியவில்லை. அவரே கைப்பிடியை அழுத்திக்கொண்டே, “எல்லா மோட்டாரும் செத்துப்போச்சு. இதுதான் உசுரோட கெடக்கு, எடுத்துக்க” என்றார். எட்டு விநாடியில் அவர் ஏழெட்டுத் தடவை அடித்திருப்பார். படத்தில் கைப்பிடியும் அவர் கைகளும் வெள்ளைப் புகை மாதிரி கலைந்திருந்தன. குடத்தில் விழும் தண்ணீர் ஒரு பட்டு நூல். பைப்பு மட்டும் அசையாமல், அதன் தலையில் தட்டிய தேய்மானப் பள்ளம் வரை தெளிவாக நின்றது. என்னிடம் இருக்கும் ஹைட்ரண்ட் படங்களில் நல்லது எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

ஒன்றிரண்டு படத்தோடு நிறுத்தாமல் தொடராக எடுங்கள். பெர்ன்ட், ஹில்லா பெக்கர் என்ற ஜெர்மன் தம்பதி பல பத்து ஆண்டுகளாகத் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் ஆலைக் கட்டடங்களையும் எடுத்தார்கள். ஒரே உயரம், ஒரே மாதிரி மூடாக்கு வெளிச்சம், நேர் எதிரே நின்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒன்பது, பன்னிரண்டு என்று வரிசையாக ஒட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வந்துவிடும். உங்களுக்கு நான் சொல்வது: கும்பகோணம் தொடங்கி மயிலாடுதுறை வரை அடிபைப்புகள் மட்டும், 55ல், பத்தடி தூரம், இடுப்பு உயரம், ஒரு எல்இடி, ஒரு டார்ச். ஒன்றில் ஊறுகாய் ஜாடித் துணி காயும், ஒன்றில் கட்சிக் கொடி கட்டியிருக்கும், ஒன்றின் வாயில் யாரோ வேட்டிக் கிழிசலை வடிகட்டியாகக் கட்டியிருப்பார்கள். கைப்பிடி இல்லாமல் மொட்டையாக நிற்பவைதான் அதிகம் இருக்கும்.

போலீஸ் விஷயம். பொதுத் தெருவில் நின்று குழாயைப் படம் எடுக்கத் தடை இல்லை. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு மூடிய கடை வாசலில் டார்ச்சோடு குந்தியிருப்பவனை ரோந்துக்காரர் விசாரிக்காமல் போனால்தான் தப்பு. என்னிடம் கேட்டவர் ஜீப்பை விட்டு இறங்காமலே, “என்னய்யா பண்ற?” என்றார். “ஃபயர் பைப்பை ஃபோட்டோ எடுக்குறேன் சார்” என்றேன். நம்பவில்லை. திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது எங்க இருக்கு?” என்றார். அவர் ஜீப் நின்ற இடத்துக்குப் பின்னால்தான் இருந்தது. கல்லூரி அடையாள அட்டை பையில் இருக்கட்டும், எடுத்த படங்களை முதலில் காட்டுங்கள், விளக்கம் பிறகு. கடை வாசல் என்றால் முதல் நாளே காவலாளியிடம் சொல்லி வையுங்கள், ஒரு டீ செலவு. கூட ஒரு நண்பரைக் கூட்டிப் போங்கள். போலீஸை விட நாய்க்காக.

ரயில் நிலையத்தில் பெட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்ற தண்டவாளங்களுக்கு நடுவே நீளமாகக் குழாய் வரிசை ஓடும், கை ஊறும். நிலைய மேலாளரிடம் கேட்காமல் முக்காலியை விரிக்காதீர்கள், தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. தஞ்சாவூர் விமானப்படைத் தளம், நாகூர்ப் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இவற்றின் மதில் பக்கம் கேமராவே வேண்டாம். பெட்ரோல் பங்கில் தொங்கும் சிவப்பு மணல் வாளி ஆசை காட்டும். அதன் அடிப்பாகம் உருண்டையாக இருப்பது, தரையில் நிற்காது என்பதால் யாரும் வேறு வேலைக்குத் தூக்கிப்போகாமல் இருக்க. ஆனால் பங்குக்குள் எடுக்காதீர்கள், ரோட்டில் நின்று 55ல் எடுங்கள். எங்கேயும் வால்வைத் தொடாதீர்கள், கண்ணாடிக் கதவைத் திறக்காதீர்கள். ஹைட்ரண்ட் முன்னால் நிற்கும் பைக்கை நகர்த்தச் சொல்லலாம், அது உங்கள் படத்துக்கும் நல்லது. வேலை செய்யாத ஹோஸ் பெட்டியைப் பார்த்தால் படத்தைக் கட்டடக்காரரிடம் காட்டுங்கள், என் அனுபவத்தில் துடைப்பமாவது போகும்.

முக்காலி வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். மகாமகக் குளத்துப் படிக்கட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒரு மணல் பையை வைத்து அதன் மேல் கேமராவை அழுத்தினால் முப்பது விநாடி அசையாது. அப்படியும் வேண்டுமென்றால் என் கடையில் பழையது ஒன்று கிடக்கிறது, எடுத்துப்போங்கள். ஒரு காலின் பூட்டு மட்டும் பிடிக்காது. நூல் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும்.